தூரத்துக்குப் பங்கில்லை என்று எழுதியவள்

மைசூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என் அறை வாசலில் உள்ள பலகையும் அப்படித்தான் சொல்கிறது. மேற்படிப்புக்கு வந்திருக்கும் டாக்டர்கள் மட்டும் அதை வடை ரூம் என்பார்கள். அந்தப் பெயர் வந்ததற்கு நானே பொறுப்பு. அதில் எனக்கு வெட்கமும் கிடையாது.

விஷயம் இதுதான். மேற்படிப்பு டாக்டர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இரண்டு மூன்று வருடம் நோயாளிகளைப் பற்றித் தகவல் சேர்ப்பார்கள். சேர்த்ததையெல்லாம் ஒரு எக்செல் கோப்பில் அள்ளிப்போட்டு, சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது என்னிடம் ஓடிவருவார்கள். நான் கணக்குப் போட்டு அட்டவணை தருவேன். ஒரு காரணத்துக்கும் நோயாளியின் ஆயுளுக்கும் தெரிகிற தொடர்பு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று கணக்கு சொன்னால், அந்த எண்ணின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். நட்சத்திரம் விழுந்த டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்கப் போய்ச் சம்மதம் வாங்கி வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும். இவ்வளவு சந்தோஷத்தைச் சும்மா தருவானேன் என்று ஒரு சட்டம் போட்டேன். ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு மத்தூர் வடை. சூடாக இருக்க வேண்டும், சட்னி தனியாக வர வேண்டும்.

நட்சத்திரம் இல்லாத வரிக்கு வடை கிடையாது. ஆகவே அந்த வரிகள் மேல் எனக்குப் பாசமும் கிடையாது.

என் வாயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது மைசூரின் மண்டி மொஹல்லாவில். ஆட்டோ ஹாரனுக்கு மேலே கத்தினால்தான் அங்கே பக்கத்தில் நிற்பவருக்கே காது கேட்கும். அப்பா கொள்ளேகாலுக்கு அப்பால் உள்ள ராமாபுரத்திலிருந்து வந்து அங்கே விதைக்கடை வைத்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அட்டவணையில் ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சண்டை போடப் பழகிவிட்டேன். ராமாபுரத்துக்கு நான் கடைசியாகப் போனது என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க. அதுவும் காரில் தூங்கிக்கொண்டே போனேன். ஊர் எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், கண்ணை மூடித் திறக்கிற தூரம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் தொழிலில் இரண்டு அட்டவணைகள் உண்டு. முதலாவதில் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்போம். வயது ஆயுளைக் குறைக்கிறதா, புகையிலை குறைக்கிறதா என்று ஒவ்வொன்றாக. இரண்டாவதில் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போடுவோம். முதலாவதைத் தனி அட்டவணை என்றும் இரண்டாவதைக் கூட்டு அட்டவணை என்றும் நான் சொல்வேன். தனியாக நிற்கும்போது நட்சத்திரத்தோடு மினுக்கிய சில காரணங்கள் கூட்டத்தில் சேர்ந்ததும் அதைத் தொலைத்துவிடும். அந்த நேரத்தில் டாக்டர்கள் முகம் வாடுவதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல குணம் இல்லைதான்.

ஒரு வருடம் ஒரு டாக்டர் பெரிய கண்டுபிடிப்போடு வந்தான். தனி வார்டில் சேர்ந்த நோயாளிகள் பொது வார்டுக்காரர்களைவிட அதிக நாள் உயிரோடு இருக்கிறார்களாம். தனி அட்டவணையில் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. தனி வார்டின் ஜன்னல், காற்று, மன அமைதி என்று அவன் நாலு பக்கம் எழுதியும் வைத்திருந்தான். நான் வயதையும் ஸ்டேஜையும் சேர்த்துக் கூட்டு அட்டவணை போட்டேன். ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு டாக்டர்கள் தரும் எண், ஒன்று முதல் நான்கு வரை. போட்டதும் வார்டின் நட்சத்திரம் காணாமல் போனது. தனி வார்டுக்கு வந்தவர்கள் வயதில் சிறியவர்கள், நோய் முற்றுவதற்கு முன்பே வந்தவர்கள். அவர்கள் பிழைத்ததற்கு அதுதான் காரணம், ஜன்னல் பாவம் சும்மா திறந்திருந்தது. நாலு பக்கத்தையும் கிழிக்கச் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. நான் ஒரு வடையைப் பிட்டு அவனுக்குக் கொடுத்தேன்.

அந்த வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. அதிலிருந்து கூட்டு அட்டவணையில் நட்சத்திரம் தொலைத்த வரியை நான் அட்டவணையிலிருந்தே அழித்துவிடுவேன். காரணம் இல்லை என்று ஆன பிறகு அதற்கு எதற்கு இடம்? டாக்டர்களும் இதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார்கள். படிக்கும் வரிகள் குறைந்தால் அவர்களுக்கும் லாபம்தானே.

அடுத்த வருடம் வாய்ப் புற்றுநோய் பற்றி எழுதும் பெண் டாக்டர் ஒருத்தி வந்தாள். நல்ல பெண், கோப்பைச் சுத்தமாக வைத்திருந்தாள், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. நோயாளியின் வயது, புகையிலை, ஸ்டேஜ், வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று நாலு காரணம் வைத்திருந்தாள். தனி அட்டவணையில் நாலுக்கும் நட்சத்திரம். தூரத்திலிருந்து வந்தவர்கள் சீக்கிரம் இறந்திருந்தார்கள். கூட்டு அட்டவணை போட்டேன். ஸ்டேஜ் கல்லு மாதிரி நின்றது, வயதும் புகையிலையும் நின்றன, தூரத்தின் நட்சத்திரம் மட்டும் உதிர்ந்தது. வழக்கம்போல அந்த வரியை அழித்தேன். முடிவுரைக்கு அவளுக்கு ஒரு வாக்கியமும் எழுதிக்கொடுத்தேன்: நோயாளிகளின் ஆயுளில் தூரத்துக்குப் பங்கில்லை.

மூன்று வடை வந்தது. அந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் காலையில் சிஸ்டர் என் அறைக்குள் நுழைந்தார். கதவைத் தட்டவில்லை. சிஸ்டர் மைசூரிலேயே பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ். சிகிச்சை முடிந்து போனவர்களுக்கு மாதம் ஒருமுறை போன் செய்து அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துகொள்வதும் அவர் வேலை. அந்தப் போன்கள் இல்லாவிட்டால் ஆயுள் கணக்கே கிடையாது. உயிரோடு இருக்கிறீர்களா என்பதை ஒருவரிடம் மரியாதையாகக் கேட்பது லேசான காரியம் இல்லை. சிஸ்டர் முதலில் வீட்டு மாட்டை விசாரிப்பார், பிறகு மழையை, பிறகுதான் ஆளை.

அன்றைக்கு மாட்டையும் விசாரிக்கவில்லை, மழையையும் விசாரிக்கவில்லை.

"வேனை நிறுத்திட்டாங்க மேடம், தெரியுமா?"

எந்த வேன் என்றேன். கௌதள்ளியில் கிளம்பி ராமாபுரம், ஹனூர், கொள்ளேகால் வழியாக வாரம் இரண்டு முறை நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வருகிற ஆஸ்பத்திரி வேன். ஆஸ்பத்திரி சூப்பிரண்டெண்டு செலவினங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் டாக்டரின் ஆய்வுச் சுருக்கம் மேஜைக்கு வந்திருக்கிறது. தூரத்துக்குப் பங்கில்லை என்று படித்திருக்கிறார். பங்கில்லாத ஒன்றுக்கு எதற்கு வேன் என்று மறுநாளே நிறுத்திவிட்டார். வேன் சும்மாவும் நிற்கவில்லை. கல்லூரியைப் பார்வையிட வந்த குழுவைச் சாமுண்டி மலைக்கு ஏற்றிக்கொண்டு போனது.

"கணக்கு அப்படித்தான் சொல்லுது சிஸ்டர்," என்றேன். என் குரலில் கொஞ்சம் மிடுக்கும் இருந்திருக்கும்.

சிஸ்டர் செல்போனில் ஓர் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, என் கீபோர்டு மேல் வைத்தார். எடுத்தவர் கௌதள்ளிக்காரர், பட்டுப்புழு வளர்ப்பவர். வேன் ஓடிய கடைசி வாரத்தில் வந்து கன்னத்தின் உள்பக்கத்துப் புண்ணில் சோதனைக்குச் சதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர். முடிவு வந்துவிட்டது. புற்று, ஆனால் ஆரம்பம். ஸ்டேஜ் ஒன்று. சீக்கிரம் வந்தால் சின்ன அறுவையோடு போய்விடும் என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள்.

"ஏனுங்க சிஸ்டர், வேன் இன்னிக்காவது வருதுங்களா?"

"இல்லைங்க அண்ணா. நீங்க பஸ்ஸுல வந்துடக் கூடாதா?"

"வந்தனுங்களே! விடியறதுக்கு முன்னாலயே கெளம்பி, கொள்ளேகால்ல பஸ் மாறி, அங்க வந்து எறங்குனா சீட்டு குடுக்கற ஜன்னலச் சாத்திப்போட்டாங்க. பதனோரு மணியோட முடிஞ்சு போச்சாமா. வந்த வழியே திரும்பிட்டனுங்க. புழுவெல்லாம் இப்ப கூடு கட்டற சமயம், உட்டுப்போட்டு ரண்டு நாளு தங்கறதுக்கு முடியாதுங்க. வலியும் ஒண்ணும் இல்லீங்க. வேன் வரட்டும், வர்றேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்று கண்ணாலேயே சொன்னார். எனக்கு வீம்பு. போன் பக்கம் குனிந்து, ஆராய்ச்சியில் தூரத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்திருக்கிறது, அதனால்தான் வேனை நிறுத்தியிருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"அப்பிடீங்களா அம்மணி? தூரத்துல ஒண்ணும் இல்லீன்னா நீங்களே இங்க வந்து வைத்தியம் பார்த்துப்போட்டுப் போயிருங்களே."

சிஸ்டர் சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினார், யூனிபாரத்தில் முந்தானை இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. போன் வைத்த பிறகு, பட்டுப்புழுக்காரரின் கேலியை எல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது என்று சிஸ்டரிடம் எரிந்து விழுந்தேன்.

"கேலியை விடுங்க மேடம். ஸ்டேஜ்தான் ஆளைக் கொல்லுது, சரி. ஸ்டேஜ் ஏன் முத்துதுன்னு உங்க கணக்கு கேட்டுச்சா? சும்னே, ஒண்ணும் யோசிக்காம, வரியை அழிச்சுட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. சிஸ்டர் சொன்ன அன்றைக்கே அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, போன் செய்கிற நர்ஸ் ஒருவர் வந்து பாடம் எடுப்பதா என்ற கொழுப்புதான். சிஸ்டரைத் தூரத்தில் பார்த்தாலே வேறு படியில் இறங்கினேன்.

நாலாம் நாள் கோப்பைத் திறந்தேன். இந்த முறை ஆயுளை விட்டுவிட்டு, ஸ்டேஜை முடிவாக வைத்து, தூரத்தை அதற்குக் காரணமாக வைத்துப் போட்டேன். தூரம் கூடக் கூட, முற்றிய பிறகு வந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். வயதைச் சேர்த்தேன், புகையிலையைச் சேர்த்தேன், தூரம் அசையவே இல்லை. என் வாழ்நாளில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து வடை கேட்கத் தோன்றாதது அன்றைக்குத்தான்.

தப்பு எங்கே என்று அப்போது நன்றாகவே தெரிந்தது. தனி வார்டு விஷயத்தில் வயதும் ஸ்டேஜும் வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே நோயாளியோடு வந்தவை. வார்டு அவற்றை உண்டாக்கவில்லை. அதனால் அவற்றைக் கணக்கில் சேர்த்ததும் வார்டின் வேஷம் கலைந்தது, நான் கிழிக்கச் சொன்னதும் நியாயம். தூரம் அப்படி இல்லை. தூரம்தான் ஆளைத் தாமதிக்க வைக்கிறது, தாமதம்தான் ஸ்டேஜை ஏற்றுகிறது, ஸ்டேஜ் கொல்லுகிறது. நடுவில் நிற்பதைக் கணக்கில் சேர்த்துவிட்டால், பின்னால் இருந்து தள்ளியது ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். இரண்டு விஷயத்திலும் உதிர்ந்தது ஒரே மாதிரி நட்சத்திரம்தான். எது எதற்கு முன்னால் வந்தது என்று கோப்பு சொல்லாது, அதை ஆள் யோசிக்க வேண்டும். நான் வடை தின்றேன்.

மாதாந்திரக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதுவரை சூப்பிரண்டெண்டைப் பார்க்க முடியவில்லை, பெங்களூருக்கும் மைசூருக்குமாக அலைந்துகொண்டிருந்தார். நான் அட்டவணையை அழகாகத் திருத்தினேன். அழித்த வரியைத் திரும்பப் போட்டேன், தூரம், ஸ்டேஜ், சாவு என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தேன், அம்புக்குறிக்கு நீலமா சிவப்பா என்று பெண் டாக்டரோடு அரை மணி நேரம் வாதாடினேன். நீலம் வைத்தோம்.

கூட்டத்தன்று மத்தியானம் நல்ல மழை. சூப்பிரண்டெண்டு காரிலிருந்து கட்டடத்துக்குள் ஓடிவருவதற்குள் தொப்பலாகி, தலை சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தும்மிக்கொண்டிருந்தார். நான் நீல அம்புக்குறியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கன்னடத்தில் கேட்டார்: "போன மாதம் இல்லை என்று சொன்னீர்கள், இந்த மாதம் உண்டு என்கிறீர்கள். எந்த அட்டவணை சரி?"

"இரண்டும் சரி சார். நான் எழுதிய வாக்கியம்தான் தப்பு."

"நட்சத்திரமே இல்லாத வரிக்கு இவ்வளவு பேச்சா?" என்று சொல்லி, பெரிதாக ஒரு தும்மல் போட்டார்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி எனக்கு வாய் திறந்துகொண்டது. "சார், இந்தத் தும்மலுக்கு மழைதானே காரணம்? தனி அட்டவணையில் மழைக்கு நட்சத்திரம் உண்டு. ஆனால் நனைந்த தலையையும் கணக்கில் சேர்த்தால் மழைக்குப் பங்கே இல்லை, எல்லாம் தலை செய்த வேலை என்று வரும். அதை நம்பி நாம் ஆஸ்பத்திரியில் இருக்கிற குடையையெல்லாம் விற்றுவிட்டோம்."

அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சூப்பிரண்டெண்டு என்னை முறைத்தார். பிறகு ஈரத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவரும் சிரித்தார். நல்ல மனிதர்தான், எழுதிக் கொடுத்ததை நம்பியது மட்டுமே அவர் செய்த குற்றம். அடுத்த வாரத்திலிருந்து வேன் ஓடட்டும் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். வேனில் வருகிறவர்களுக்கு மட்டும் சீட்டு ஜன்னல் ஒரு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று சிஸ்டர் பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்து அதையும் வாங்கிவிட்டார். வெளியே வந்ததும் சிஸ்டர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நான் பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அவ்வளவு சந்தோஷம்.

வேன் திரும்ப ஓடிய முதல் நாள் நானும் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனேன். வரவேற்க என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருமை அடித்துக்கொள்ள என்றாலும் தப்பில்லை. பதினொன்றரைக்கு வேன் வந்தது. இறங்கியவர்களில் கன்னத்தைத் துண்டால் பொத்தியிருந்தவர் என் குரலைக் கேட்டதும் நின்றார்.

"நீங்கதானுங்களா அந்தத் தூரத்து அம்மணி?" என்றார். வாய் முழுதாகத் திறக்கவில்லை, வார்த்தை குழறியது. கண்ணில் மட்டும் அதே கேலி இருந்தது. "நீங்க வருவீங்கன்னு பார்த்தனுங்க. கடைசில நானே வர வேண்டியதாப் போச்சு."

நான் சிரித்தேன், அவரும் ஒரு பக்கமாகச் சிரித்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறது என்றார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், தாடையிலும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். சாயங்காலம் சிஸ்டர் படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

கொள்ளேகாலிலிருந்து ஒரு வாடகைக் காரை அனுப்பி அவரை அழைத்து வந்திருக்கலாம். அந்தப் போன் வந்த அன்றைக்கே செய்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று நாள் வீம்பு பிடித்தேன், இரண்டு வாரம் அம்புக்குறி வரைந்தேன், அட்டவணையைத் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும் என்றே இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கோப்பைத் திறந்து அவருக்கு ஒரு வரி சேர்த்தேன். வயது போட்டேன். புகையிலை, ஆம். தூரம், முதலில் இருந்த அதே கிலோமீட்டர். ஸ்டேஜ், மூன்று. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால், கூட்டு அட்டவணை ஸ்டேஜ்தான் காரணம் என்று சொல்லும். ஒன்றை மூன்றாக்கிய வாக்கியம் எங்கே எழுதப்பட்டது என்று கேட்கும் கட்டம் எதுவும் அதில் இல்லை.